ஆறு பத்துக்கு வரவேண்டிய ஆள்

நாற்பத்தொன்பது வயதுவரை தேவசகாயத்துக்கு ஓட வேண்டிய தேவையே வந்ததில்லை. பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஜனங்கள் ஓடுவார்கள். அவரோ பஸ்ஸை ஓட்டுகிறவர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஒரு தனியார் பஸ்ஸை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டி ஓட்டி, வயிறு ஸ்டியரிங்கைத் தொடும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். "மூணு மாசம் டைம் தர்றேன். தினமும் ஓடுங்க, வேர்க்க வேர்க்க ஓடுங்க. சர்க்கரை குறையலன்னா ஊசிதான்" என்றார். ஊசி போட்டுக்கொள்கிற டிரைவரை முதலாளி வண்டியில் உட்கார வைக்கமாட்டார் என்று தேவசகாயத்துக்குப் பயம். பஸ்ஸை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

ஓடினார். வளவனூர் ஏரிக்கரையில் சரியாக நாலு நாள் ஓடினார். ஐந்தாம் நாள் தூறல், ஆறாம் நாள் முட்டி வலி, ஏழாம் நாள் சும்மாவே தூங்கிவிட்டார். மனைவி அம்மணி கேப்பைக் கூழை ணங்கென்று வைத்துவிட்டுப் போனார்.

அவருடைய பஸ்ஸில் தினமும் ஏறுகிற புனிதா, ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவர் ஒரு குழு வைத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு பேர். காலையில் சும்மா ஓடுவதில்லை. ஆளுக்கு ஒரு வீடு. தனியாக இருக்கிற வயசானவர்கள் வீடுவரை ஓடி, அங்கே ஒரு வேலை செய்து கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடிவர வேண்டும்.

தேவசகாயத்துக்கு இது மண்டையில் ஏறவில்லை. "ஏம்மா, உதவி பண்ணணும்னா பைக்ல போயி ஜல்தியா பண்ணிட்டு வந்துடலாம். ஓடணும்னா சும்மா ஓடலாம். ரெண்டையும் எதுக்குப் போட்டுக் குழப்பணும்?"

"சும்மா ஓடினீங்களே, எத்தினி நாளு ஓடினீங்க அண்ணே?"

"நாலு."

"ஒருத்தரு உங்களுக்காகக் காத்துக்கினு இருந்தா நிறுத்த மாட்டீங்க."

"அப்போ நான் அவருக்கு உதவி பண்றேனா, அவரு எனக்குப் பண்றாரா?"

புனிதா சிரித்துவிட்டு முண்டியம்பாக்கத்தில் இறங்கிக்கொண்டார். பதில் சொல்லாமல் இறங்கிப்போகிற பயணிகளைத் தேவசகாயத்துக்கு எப்போதுமே பிடிக்காது.

அவருக்கு வாய்த்த வீடு மூன்று கிலோமீட்டர் தள்ளி, ரயில்வே கேட்டைத் தாண்டி, மேட்டுத்தெருவில். வீட்டுக்காரர் சுப்பராயலுவுக்கு எழுபத்தாறு வயது. மனைவி இல்லை. மகன் ராஜ்குமார் திண்டிவனத்தில். அப்பனுக்கும் மகனுக்கும் ஏதோ ஒரு கல்யாணத்தில் வாய்த்தகராறாகி மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கிழவருக்குக் கண்ணில் பிரஷர் என்று தினம் காலையில் சொட்டு மருந்து விட வேண்டும். கை நடுங்குவதால், தானே விட்டுக்கொண்டால் கண்ணைத் தவிர மற்ற இடத்திலெல்லாம் விழுந்தது. மருந்து விடுவதுதான் தேவசகாயத்தின் வேலை.

முதல் நாள் மூச்சிரைக்கப் போய் நின்றவரைக் கிழவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு பத்துக்கு வர்றன்னு டீச்சரம்மா சொல்லிச்சி. ஆறு பதினாலு. நாலு நிமிஷம் லேட்டு."

இந்தக் குரல் தேவசகாயத்துக்குத் தெரியும். இந்த ஆளைத் தெரியாது, ஆனால் இந்தக் குரலை எந்த டிரைவருக்கும் தெரியும். விசாரித்தால், அதேதான். முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டுகளில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி, ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றாலும் "எடு, எடு, வண்டிய எடு" என்று விசிலடித்துத் துரத்துகிற உத்தியோகம். தேவசகாயம் வாழ்க்கையில் யாருக்காவது பயந்தார் என்றால் அம்மணிக்கு அடுத்தபடி டைம் கீப்பர்களுக்குத்தான்.

மறுநாள் ஆறு பன்னிரண்டு. அதற்கு மறுநாள் ஆறு பதினொன்று. கிழவர் எல்லாவற்றையும் ஒரு பழைய டைரியில் எழுதினார். மருந்து விட்டதும், "ஆச்சில்ல? எடு வண்டிய" என்பார். உட்காரச் சொன்னதில்லை. என்ன மனுஷன் இவர் என்று தேவசகாயத்துக்கு எரிச்சல் வரும். ஆனால் மறுநாள் ஐந்தேகாலுக்கே முழிப்பு வந்துவிடும். ஒன்றரை மாதத்தில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஓடுவது சர்க்கரைக்கா, கிழவர் கண்ணுக்கா, அந்த டைரிக்கா என்று ஓடும்போதெல்லாம் யோசித்தார். கேட்டைத் தாண்டுவதற்குள் அந்த யோசனை தீர்ந்துபோகும், மூச்சு வாங்குவதுதான் மிஞ்சும்.

இதில் தெருக்காரர்களின் குழப்பம் வேறு. செல்போன் வந்து எத்தனை வருஷமாகியும் நம் பக்கத்தில் வயசான ஆள் விடிகாலையில் ஓடினால் அது சாவுச் சேதிதான். தலைமயிர் நரைத்த ஒருவர் உடம்புக்காக ஓடுவார் என்று மேட்டுத்தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. "யாருக்கு என்னாச்சுபா?" என்று முதல் வாரம் முழுக்கக் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றால் நம்பவில்லை. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்று தேவசகாயம்தான் நினைத்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டார்கள். ஐந்து நிமிஷம் போயிற்று. கேட் திறந்ததும் டைரியை நினைத்துக்கொண்டு தலைதெறிக்க ஓடினார். வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் மருந்து பாட்டில் காலி. அதே வேகத்தில் வெளியே வந்து மெடிக்கல் கடைக்கு ஓடினார். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பச்சைமுத்து கண்ணால் கண்டது இவ்வளவுதான்: டிரைவர் உள்ளே ஓடினார், முகம் வெளிறி வெளியே ஓடினார். பச்சைமுத்து தாமதிக்காமல் திண்டிவனத்தில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டுவிட்டார்.

மருந்து வாங்கி வந்து கண்ணில் விட்டாயிற்று. தேவசகாயத்துக்கு அன்று வார விடுமுறை, அதனால் ஸ்டூல் மேல் ஏறி ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ராஜ்குமார் ஆளுயர மாலையோடு இறங்கினார். பின்னால் அவர் மனைவி அருணா தலைவிரி கோலமாக அழுதுகொண்டு வந்தார். உள்ளே சுப்பராயலு நாற்காலியில் உட்கார்ந்து இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி தொட்டுக்கொண்டிருந்தார்.

அருணா அழுகையைப் பாதியில் நிறுத்தத் தெரியாமல் விக்கினார். ராஜ்குமார் மாலையை எங்கே வைப்பது என்று தேடி, கடைசியில் தேவசகாயத்தின் கையில் கொடுத்தார். ஸ்டூல் மேல் மாலையோடு நின்ற தேவசகாயத்துக்கு, இதற்குத் தான் காரணமா இல்லையா என்பதே விளங்கவில்லை.

கிழவர் மணியைப் பார்த்தார். "திண்டிவனம் அம்பது கிலோமீட்டர் கூட இல்ல. ஒரு மணி நேரத்து ஓட்டம்" என்றார். "மூணு வருஷம் லேட்டா வர்ற நீ."

ராஜ்குமார் அப்படியே கிழவரின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். சட்னித் தட்டு கவிழ்ந்தது. அன்றைக்கே துணிமணியைக் கட்டி அப்பாவை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். டைரியும் போயிற்று.

நல்லதுதானே என்று எல்லோரும் சொன்னார்கள். தேவசகாயமும் சொன்னார். ஆனால் மறுநாள் ஐந்தேகாலுக்கு முழித்துக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். புனிதா வேறு வீடு சொன்னார். "பாக்கலாம்மா" என்று தட்டிக்கழித்தார். ஓடவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். டாக்டரம்மா கொடுத்த கெடுவில் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. பேன்ட் மறுபடி இறுக ஆரம்பித்தது. மகனோடு சேர்ந்துவிட்ட மனுஷனை நினைத்துத் தனக்கு ஏன் துக்கமாக வருகிறது, இது என்ன புத்தி என்று தன்மேலேயே கோபம் வந்தது. அம்மணியிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் போன் வந்தது.

"டிரைவரு, நான்தான். மருந்து வுட ஆளு இல்லய்யா. பையன் அஞ்சு மணிக்கே வேலைக்குப் போயிடறான். நீ எட்டு முப்பத்தஞ்சுக்கு ஸ்டாண்டுக்கு வர்ற. எட்டு நாப்பத்தொம்போதுக்கு எடுக்கற. நடுவுல பதினாலு நிமிஷம் இருக்குது. வீடு ஸ்டாண்டுக்குப் பின்னால ரெண்டு தெரு தள்ளி. ஓடி வா."

"சார், நான் டியூட்டில..."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

மறுநாள் திண்டிவனம் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தியதும் தேவசகாயம் கதவைத் திறந்து குதித்து ஓடினார். காக்கிச் சட்டை, காலில் செருப்பு. "அண்ணே, எங்கண்ணே?" என்று கண்டக்டர் சேரன் கத்தியது காதில் விழுந்தது. பயணிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். இரண்டு தெரு தாண்டி, காய்கறி வண்டியைச் சுற்றி, வேர்த்து வழிய வீட்டை அடைந்தார். வாசலில் நாற்காலி. கிழவர் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"மருந்து எங்க சார்? குடுங்க ஜல்தி."

உள்ளேயிருந்து அருணா எட்டிப் பார்த்தார். "காலைல ஆறு மணிக்கே வுட்டுட்டேனே அண்ணா. தெனமும் நான்தானே வுடறேன்."

தேவசகாயம் கிழவரைப் பார்த்தார். கிழவர் தெருவைப் பார்த்தார். கோபப்படுவதா, திரும்பி ஓடுவதா என்று புரியாமல் அவர் நின்றார். இவ்வளவு தூரம் எதற்கு ஓடி வந்தோம் என்று மறுபடியும் அதே கேள்வி.

"எட்டு முப்பத்தொம்போது" என்று கிழவர் டைரியில் எழுதினார். "போறதுக்கு நாலு நிமிஷம். மீதி ஆறு நிமிஷம் இருக்குது. உக்காரு."

"சார்?"

"உக்காருய்யா. யாரும் வெரட்ட மாட்டாங்க." பக்கத்தில் இன்னொரு நாற்காலி தயாராகப் போட்டிருந்தது. "அருணா, டிரைவருக்கு டீ குடும்மா. சக்கரை போடாத."

உட்கார்ந்தார். டீ சுடச்சுட இருந்தது. நாற்பத்தைந்தானதும் கிழவர் தோளைத் தட்டினார். "எடு வண்டிய. நாளைக்கு முப்பத்தெட்டுக்கு வந்துடணும்."

தேவசகாயம் ஓடினார். ஸ்டாண்டில் சேரன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். தேவசகாயம் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் முன் வரிசையிலிருந்த அம்மா ஒருவர் பதறிப்போய்க் கேட்டார்.

"என்னா தம்பி, இப்பிடி ஓடிக்கினு வர்ற? யாருக்கு என்னாச்சு?"

தேவசகாயம் சாவியைத் திருப்பினார்.

"ஒண்ணும் ஆவலம்மா. நல்லாத்தான் இருக்காரு" என்றார்.