செவ்வாயா, வியாழனா?

பொம்மனஹள்ளியில் இருக்கும் எங்கள் ஆபீஸில் யாரும் எதையும் விற்பதில்லை. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை வீட்டுக்கு வந்து காட்ட போனில் ஒரு நாள் கேட்டு வாங்குவோம், அவ்வளவுதான். விற்பது வேறு ஆட்களின் பாடு. எனக்குக் கன்னடமும் தமிழும் சரளம். எதிர்முனையில் “பேடா”, அதாவது வேண்டாம், என்பவரின் கன்னடத்தில் தமிழ் வாடை அடித்தால் சட்டென்று தமிழுக்கு மாறிவிடுவேன். “அட, நம்மாளா?” என்று குரல் இளகும். இளகியதும், “அண்ணா, டெமோவுக்கு செவ்வாய் வரட்டுமா, வியாழன் வரட்டுமா?” என்பேன். வரட்டுமா என்று மட்டும் கேட்டால் வேண்டாம் என்பார்கள். எந்த நாள் என்று கேட்டால் மனசு காலண்டரைப் பார்க்கப் போய்விடும்.

இன்னொரு விதியும் உண்டு. ஏன் வேண்டாம் என்று மட்டும் கேட்கக் கூடாது. காரணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அப்புறம் அதை விடவே மாட்டார். இதிலெல்லாம் நான் புலி. புதிதாகச் சேர்கிறவர்களை டீம் லீடர் என் பக்கத்தில்தான் உட்காரவைப்பார்.

வீட்டில்தான் என் பருப்பு வேகவில்லை.

அல்சூர் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. ஒருநாள் குளித்துவிட்டு வந்தவள் வாய்தவறிச் சொல்லிவிட்டு, உடனே பேச்சை ரசத்துக்கு மாற்றினாள். அதிலிருந்து டாக்டர் என்றாலே, “ஒண்ணும் இல்ல, சும்மா இரு” என்பாள். என் பயத்தைக் காட்டினால் காரியம் கெடும் என்று நினைத்து, தெரிந்த வித்தைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். தெருவில் எல்லாப் பொம்பளைகளும் செக்கப்புக்குப் போய் வந்துவிட்டார்கள் என்றேன். “நல்லா இருக்கட்டும்” என்றாள். இந்த வாரம் ஆஸ்பத்திரியில் கூட்டமே இல்லை, விட்டால் கிடைக்காது என்றேன். “அப்போ அவசரமா இருக்கறவங்க போய்ப் பாத்துக்கட்டும்.”

கடைசியில், தோசை ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக்கு செவ்வாய் போலாமாம்மா, வியாழன் போலாமா?”

“வியாழன் ஓகே.” திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. டோக்கன் போட்டேன், லீவு சொன்னேன். எங்கள் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குத் தெரியும், சட்டென்று சரி என்கிறவர்கள் வீட்டுக்கு டெமோ ஆள் போய் நின்றால் பூட்டுத்தான் தொங்கும். எனக்கும் தெரியும். அம்மா என்ன கஸ்டமரா என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நான் குளித்து வருவதற்குள் ஆளைக் காணோம். அவள் போன் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. கடைத்தெரு முழுக்கத் தேடிவிட்டு ஏரிப் பக்கம் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பேப்பரை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பார்த்ததும் கோபம் தலைக்கேறியது. வாக்கிங் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

“ஏம்மா வர மாட்டேங்கற? ஏன்?”

ஆபீஸில் கேட்கவே கூடாத கேள்வி, தானாக வாயில் வந்துவிட்டது.

அம்மா இரண்டு காம்பை உருவிப் போட்டாள். “ஆம்பள டாக்டருங்க முன்னாடி ஜாக்கெட்ட அவுக்கணுமாமே. என்னால ஆவாதும்மா. செத்தாலும் பரவால்ல.”

“லேடி டாக்டர்தாம்மா பாக்கறாங்க.”

“நெஜமாவா?”

“நெஜமா.”

“அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?” கீரையைப் பேப்பரோடு சுருட்டிக்கொண்டு எழுந்தாள். “ஆட்டோ கூப்புடு.”

டோக்கன் போடும்போதே எனக்குத் தெரிந்த விஷயம் அது. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஆட்டோவில் நான் வெளியே பார்த்தபடி அழுதேன். அம்மா டிரைவரிடம் கன்னடத்தில் மெட்ரோ வேலையால் வரும் தூசியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

கட்டி கெட்டதல்ல என்று முடிவு வந்தது அடுத்த வாரம். அன்று எங்களுக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரியில் பெயரைக் கூப்பிட்டதும் அம்மா எழுந்தாள். நானும் எழுந்தேன். கையால் தடுத்தாள்.

“நீ இங்கயே உக்காரு. உன் முன்னாடியும் கூச்சமா இருக்குது.”

கூட வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். வேண்டாம் என்று உட்கார்ந்துகொண்டேன். கீரைப் பொட்டலம் என் மடியில். பச்சைத் திரைக்குப் பின்னால் டாக்டரின் குரல் கேட்டது, அம்மாவின் குரல் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் திரை விலகியது. அம்மாவின் தலை மட்டும் தெரிந்தது.

“உள்ள வா” என்றாள். “பயமா இருக்குது. வந்து கையப் புடிச்சுக்க.”