காதுக்காரரின் மூன்று சைலன்சர்கள்

என் அக்கா வீட்டுக்காரருக்குச் சோப்புத் தண்ணீர் என்றாலே மூக்குக்கு மேல் கோபம் வரும். குளிக்கிற சோப்பைச் சொல்லவில்லை. காரின் புகைக்குழாயில் இணைப்பு போட்ட இடம் கசிகிறதா என்று பார்க்க, மற்ற பட்டறைக்காரர்கள் அங்கே சோப்பு நுரையைத் தடவுவார்கள். கசிந்தால் குமிழி கிளம்பும். மாமா அதைத் தொடவே மாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, பின்னால் குழாயின் வாயை ஈரச் சாக்கால் அடைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். கசிவு இருந்தால் ‘உஸ்’ என்று மெல்லிய சத்தம் வரும். அவருக்கு அது போதும். “சோப்புத் தண்ணி ஊத்துறவன் காது இல்லாதவன்” என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்வார். ஊரும் அவரைக் காதுக்காரர் என்றே கூப்பிட்டது.

அவருடைய பட்டறைக்கு ஒட்டின டயர் கடை என்னுடையது. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பக்கம் அவர் குழாய் வளைக்கிறார், இந்தப் பக்கம் நான் பஞ்சர் ஒட்டுகிறேன். ஒரு கார் தெருமுனை திரும்பும்போதே, “மூணாவது சிலிண்டர் சரியா வேலை செய்யல” என்று தலையைத் தூக்காமல் சொல்வார். ஆரம்பத்தில் சும்மா அளக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு மூன்று தடவை பந்தயம் கட்டித் தோற்றபிறகு வாயை மூடிக்கொண்டேன். புது வண்டிகளுக்கு வேண்டியது எல்லாம் கம்பெனியிலிருந்தே வந்துவிடுகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள்தான் மாமாவைத் தேடி வந்தார்கள், அதுவும் அந்தக் காதுக்காக. அது போனால் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது. இது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், எல்லாரையும் விட மாமாவுக்குத் தெரியும்.

அப்படி வந்தவர்தான் பல் டாக்டர். அவர் கார் கரும்பச்சை நிறம், ஆறு சிலிண்டர், அவரைவிட நாலு வயது மூத்தது. மூன்று மணி நேரத் தொலைவில் மலைமேல் உள்ள ஊரில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தும் விழா ஒன்று நடக்க இருந்தது. அதற்குள் வண்டிக்கு நல்ல குரல் வேண்டும் என்றார்.

மாமா மூன்று சைலன்சர்களைத் தரையில் பரப்பினார். ஒன்று நேர்குழாய், சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு அடைத்தது. அதை மாட்டினால் வண்டி உறுமும். இரண்டாவது உள்ளே அறை அறையாகத் தடுத்தது, அதன் சத்தம் அளவாக இருக்கும். மூன்றாவது நீளமானது, அதை மாட்டினால் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று பானட்டில் கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் தற்காலிகமாகப் பூட்டி, பட்டறைக்குள் இல்லாமல் வெளியே சாலையில் நிறுத்தி ஓடவிட்டார். தகரக் கூரைக்குக் கீழே எந்த ஓட்டை வண்டியும் கம்பீரமாகத்தான் கேட்கும் என்பது அவர் கணக்கு.

டாக்டரின் மனைவி மூன்றாவதைக் காட்டினார். அவரை யார் கேட்டார்கள்? டாக்டர் முதலாவதிலேயே நின்றார்.

“உள்ள உக்காந்து மூணு மணி நேரம் போகணும் டாக்டர். காது கிழிஞ்சிரும்.”

“நாள் பூரா அடுத்தவங்க வாயில வர்ற சத்தத்தையே கேக்குறேண்ணே. எனக்குன்னு ஒரு சத்தம் வேணாமா?”

மாமா சிரித்துவிட்டார். முதலாவதையே மாட்டினார். முன்பக்கம் எஞ்சினோடு சேரும் இணைப்பையும் புதிதாகச் செய்தார்.

விழாவுக்குப் போகும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு டாக்டர் குடும்பத்தோடு பட்டறைக்கே வந்துவிட்டார். அப்படியே கிளம்புவதாகத் திட்டம். மனைவி முன் சீட்டில், ஐந்து வயது மகள் பின் சீட்டில் தலையணையோடு. மாமா வழக்கம்போலச் சாக்கை அடைத்து, அடியில் படுத்தார். ரொம்ப நேரம் படுத்திருந்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டே, “சுத்தமா இருக்கு” என்றார். வண்டி கிளம்புவதை நான் என் போனில் வீடியோ எடுத்தேன். தூறல் தொடங்கியதால் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, தெருவே அதிரப் போனார்கள்.

எட்டு மணிக்கு அக்கா டிபன் கொண்டு வந்தாள். பெருமையாக வீடியோவைப் போட்டுக் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுவுல ஏதோ சீறுதே, அது என்னடா?”

“என் கம்ப்ரசரா இருக்கும்க்கா.”

சொல்லிவிட்டேனே தவிர, சொன்ன வாய் மூடுவதற்குள் ஒன்று நினைவுக்கு வந்தது. வண்டிச் சத்தம் தெளிவாக விழவேண்டும் என்று, டயருக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசரை நானேதான் காலையில் நிறுத்தி வைத்திருந்தேன். வருடக்கணக்கில் அந்தச் சீறலுக்குள்ளேயே இருந்து பழகிய என் காது, அது இல்லாதபோதும் இருப்பதாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. மறுபடி போட்டேன். உறுமலுக்கு நடுவே உஸ், உஸ், உஸ் என்று தெளிவாகக் கேட்டது.

மாமா போனை வாங்கிக் காதில் அழுத்தினார். “எங்க? ஒண்ணும் இல்லையே.”

இன்னொரு காதுக்கு மாற்றினார். அக்கா தட்டைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, போன மாசம் குக்கர் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. எத்தனை விசில்னு கேட்டேன். விசிலே வரலைன்னீங்க. அஞ்சு வந்துச்சு.”

மாமா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. அவருக்கு இது புதுச் செய்தி இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை நாளாகவோ காதும் காதும் வைத்த மாதிரி மறைத்து வந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா புருஷன் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

“அந்த இணைப்பு ஓட்டுறவர் காலுக்கு நேரா இருக்கு மாமா! கியர் கம்பி வர்ற ஓட்டை வழியா புகை மொத்தமும் உள்ளதான் போகும். கண்ணாடி வேற ஏத்திட்டுப் போயிருக்காங்க!”

“வண்டியை எடு மாப்ள” என்றார்.

டாக்டர் போனை எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? அந்த உறுமலில் இடி விழுந்தால்கூடக் கேட்காது. அவர் மனைவி நம்பர் எங்களிடம் இல்லை. அக்காவைப் பட்டறையில் உட்கார்ந்து டாக்டருக்கு விடாமல் போன் அடித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, டயர் ஏற்றும் என் வேனில் கிளம்பினோம்.

மழை வலுத்தது. நாற்பது நிமிடம் முன்னால் போனவர்களை நான் ஓட்டை வேனில் துரத்துகிறேன். துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. மாமா தன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் வாயைத் திறந்தார்.

“பிடிச்சிட்டோம்னா, போல்ட் ஒண்ணு லூசாயிருக்கும்னு சந்தேகம் வந்துச்சுன்னு சொல்லுவோம். காது விஷயம் வேணாம் மாப்ள.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அக்காவை நினைத்து, “சரி” என்றேன். அந்த ‘சரி’க்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மலையடிவாரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். பச்சைக் கார் வந்ததா என்று கேட்டதும், பெட்ரோல் போடுகிறவர் தலையாட்டினார்.

“வந்துச்சு சார். பாப்பா ரெண்டு தடவை வாந்தி எடுத்துச்சு. இங்கதான் ரொம்ப நேரம் நிறுத்தியிருந்தாங்க. அந்தம்மாவுக்கும் தலைவலியாம். மலைப்பாதைன்னா அப்படித்தானேன்னு சொல்லிட்டு, இப்பத்தான் கிளம்பினாங்க. அஞ்சு நிமிஷம்கூட இருக்காது.”

மலைப்பாதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. மாமா என்னைப் பார்த்தார். நான் வேனை நோக்கி ஓடினேன்.

இரண்டு கிலோமீட்டரில் சாலை பிரிந்தது. ஒன்று ஏரியைச் சுற்றிப் போகும் அகலச் சாலை, இன்னொன்று நேராக மேலே ஏறும் குறுகலான சாலை. இரண்டுமே அந்த ஊருக்குத்தான் போகும். தப்பான பக்கம் திரும்பினால் அவ்வளவுதான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“எஞ்சினை அணை” என்று சொல்லிவிட்டு மாமா மழையில் இறங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றார். எனக்கு மழையைத் தவிர எதுவும் கேட்கவில்லை. காது இல்லாத மனிதனை நம்பி நடுரோட்டில் நிற்கிறோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“மேல” என்றார். “ரெண்டாவது கியர்ல திணறி ஏறுது. நான் கட்டின குழாய்தான்.”

“மாமா, சரியாத் தெரியுதா?”

“சன்னமான சத்தம்தான்டா எனக்குப் போயிடுச்சு. இது அடிவயித்துச் சத்தம். ஏறு!”

நாலாவது வளைவில் பச்சைக் கார் தெரிந்தது. நேராகப் போகாமல் அப்படியும் இப்படியும் அலைந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் போனேன். டாக்டர் திரும்பிப் பார்த்து, நாங்களும் விழாவுக்கு வருகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, மந்தமாகச் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்தினார். குறுக்கே வேனை நிறுத்தினேன்.

வேன் நிற்பதற்கு முன்பே மாமா குதித்துவிட்டார். பின்கதவைத் திறந்து, “பாப்பா, பாப்பா” என்று கன்னத்தைத் தட்டினார். குழந்தை கண் திறக்கவில்லை. அப்படியே வாரி எடுத்துக்கொண்டு மழைக்குள் வந்தார். தாய் முன்கதவைத் திறந்து இறங்க முயன்று, கால் தள்ளாடிக் கதவையே பிடித்துக்கொண்டார். நான் எஞ்சினை அணைத்து, டாக்டரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். மழை குழந்தையின் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. அதன் உதடு அசைந்தது. பிறகு வாய் கோணியது.

மாமா அந்த வாயையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அழுறாளா மாப்ள? சத்தம் வருதா?”

வந்தது. பூனைக்குட்டி போல, மெலிதாக. அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்டது.

“அழுறா மாமா” என்றேன்.

டாக்டர் மழையில் நனைந்துகொண்டே மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணே, அவ அழுறது உங்களுக்குக் கேக்கலையா?”

போல்ட் கதையைச் சொல்ல அதுதான் சமயம். மாமா குழந்தையைத் தாயின் கையில் கொடுத்தார்.

“கேக்கல டாக்டர். ஒரு வருஷமா சன்னமான சத்தம் எதுவும் கேக்கல. காலையில கசிவு இருந்துச்சு. எனக்குக் கேக்கல. கேட்ட மாதிரி நடிச்சேன். வண்டிக்குள்ள விஷப்புகை வந்திருக்கு. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

டாக்டரின் மனைவிதான் கேட்டார்: “கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?” மாமா தலையைக் குனிந்துகொண்டார். பச்சைக் காரை அங்கேயே விட்டுவிட்டு, என் வேனின் கண்ணாடிகளை இறக்கி, எல்லாரும் அதில் நெருக்கிக்கொண்டு கீழே வந்தோம். அடிவாரத்து ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் அங்கிருந்த டாக்டர். சாயங்காலம் பாப்பா பிஸ்கட் கேட்டாள். அதுவரை மாமா வராண்டாவில் உட்காரவே இல்லை.

அடுத்த ஒரு வாரம் பட்டறை மூடிக் கிடந்தது. விஷயம் பரவிவிட்டது. பரப்பியது வேறு யாரும் இல்லை, மாமாவேதான். வேலை கொடுத்திருந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, “எனக்குக் காது போச்சு, வண்டியை வேற இடத்துல காட்டுங்க” என்று சொன்னார். நாலு பேர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

எட்டாம் நாள் பச்சைக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார் டாக்டர். மாமா வாசலிலேயே நின்றார்.

“வேற நல்ல ஆளாப் பாருங்க டாக்டர்.”

“பார்த்தேன். ரெண்டு பேரைப் பார்த்தேன். அவங்க என்ன மறைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியல. உங்களுது தெரியும். அந்த மூணையும் எடுத்துப் போடுங்க.”

மாமா மூன்றையும் தரையில் பரப்பினார். டாக்டர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நீளமானதைக் காலால் தொட்டுக் காட்டினார்.

“போன் அடிச்சா எனக்குக் கேக்கணும். பின்னாடி பாப்பா பேசினாக் கேக்கணும். அது போதும்.”

பானட்டைத் திறந்து, இணைப்பை அரத்தால் சமமாக ராவி, புதிதாகப் பூட்டினார் மாமா. நான் கம்ப்ரசரை நிறுத்தினேன். எஞ்சினை ஓடவிட்டுச் சாக்கை அடைத்தபிறகு, அவர் அடியில் படுக்கவில்லை. உள்ளே போய் ஒரு குவளையைக் கொண்டு வந்தார். பிரஷ்ஷால் இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தடவினார். குமிழி வரவில்லை. அக்கா சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டுக் காதைக் கொடுத்தாள்.

“கேக்குதா?” என்றார் மாமா.

“இல்லங்க.”

“நல்லாக் கேளு.”

“இல்லங்க.”

மூன்றாம் முறையும் கேட்டார். அக்கா சலித்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டு, இல்லை என்று சொன்னாள். அதன்பிறகுதான் அவர் பானட்டை மூடினார்.