பேசாத ரேடியோ

பொழுதுபோக்காக ரேடியோவில் ஊர் ஊராகப் பேசும் ஹாம்காரர்கள் நடத்தும் செய்தி மடலில் விளம்பரம் பார்த்து, பழுதான ரேடியோ செட் வாங்க ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். விற்றவர் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருந்தவர். கண்ணில் புரை விழுந்து, செட்டைத் திறந்து பார்க்கவும் முடியாத நிலை. ரேடியோவில் பேசி முடிப்பதுபோல, மனைவியிடம் காபி கேட்டாலும் "ஓவர்" என்பார். அந்த அம்மா கொண்டுவந்து வைத்தார்.

"மத்தவன் பேசுறதெல்லாம் கேக்குது. எம் பேச்சுதான் ஒருத்தனுக்கும் போகல. ஆறு மாசமா கத்துறேன். கொண்டு போங்க, ஓவர்."

வாசல்வரை வந்த அந்த அம்மா மெல்லக் கேட்டார். "சரி பண்ணி அவுகளுக்கே திருப்பிக் குடுத்திருவியளா?"

"இல்லம்மா, நானே வச்சுக்கிடுவேன்."

"அப்பச் சரி."

வீட்டில் மைக்கைத் திறந்தேன். உள்ளே ஒரு வயர் கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தது. ஐந்து நிமிட வேலை. நானும் அவரிடம் சொல்லவில்லை. நல்ல செட்; இன்னமும் அதில்தான் பேசுகிறேன்.