தம்பிக்காக வாங்கிய கணப்பு

நான் அடுப்புக் கடைக்காரன். வீட்டுக்குள் வைப்பது, மொட்டை மாடியில் வைப்பது, முற்றத்தில் போட்டுக் குளிர் காய்வது என்று விறகு எரிக்கிற சாமான் எல்லாம் என்னிடம் உண்டு. முற்றத்துக் கணப்பு வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் வாங்குகிறார்கள். முதல் குளிர்காலத்தில் நாலைந்து தடவை எரிப்பார்கள். அடுத்த குளிர்காலத்தில் அதன் தலையில் பூந்தொட்டி உட்கார்ந்திருக்கும். அதற்கடுத்த வருடம், துருப்பிடித்துவிட்டது என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். இரும்பை மழையில் போட்டால் துருப்பிடிக்காமல் தங்கமாகவா மாறும்? அதனால் கணப்பு என்று யார் கேட்டு வந்தாலும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான்.

கறையக்கா வந்தபோதும் அப்படித்தான் வந்தது.

தெரு முனையில் இருக்கிற சலவைக் கடையில் கறை எடுக்கிற வேலை அவருக்கு. சட்டையைக் கையில் வாங்கினதுமே, இது மை, இது எண்ணெய், இது தேநீர், இது வீட்டில் சொல்ல முடியாத சமாச்சாரம் என்று பிரித்துவிடுவார். தெருவே கறையக்கா என்று கூப்பிட, அவரும் அதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

"வெளியில வச்சு எரிக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு வேணும் கடைக்காரரே."

"எத்தனை பேர் சுத்தி உக்காருவீங்க?"

"ரெண்டு பேரு."

"விருந்தாளியா?"

"என் தம்பி," என்றார். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "வந்தான்னா," என்றார்.

அந்தத் தம்பி கதை தெருவுக்கே தெரியும். அவன் லிஃப்ட் மெக்கானிக். அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்த சாயங்காலம், ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்று, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை இறக்கிவிட்டு, கையில் அப்பின கிரீஸைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் சனம் கூடி நின்றது. பல நாள் தூக்கம் இல்லாமல், அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்த அக்கா, அவனைப் பார்த்ததும் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கத்தினார்.

"பெத்தவ மூச்சு நிக்கிற வரைக்கும் வராதவனுக்கு இப்ப மட்டும் இங்க என்ன வேலை?"

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? உள்ளே வைக்கத் தூக்கின காலைத் தம்பி பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"இனிமே இந்த வாசப்படிய மிதிச்சேன்னா என்னைச் செருப்பால அடி."

அம்மாவை வெளியே தூக்கி வந்த பிறகு தெருவில் வைத்துத்தான் அவன் முகம் பார்த்தான். அவள் படுத்திருந்த அறைக்குள் அவன் போகவே இல்லை.

ரோஷத்தில் அக்காவும் தம்பியும் ஒரே அச்சு. ஆனால் பாசமும் விட்ட பாடில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் தம்பி வந்துவிடுவான். வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் தெருவில் நிற்பான். அக்கா இந்தப் பக்கம் நிற்பார். குழாய் ஒழுகுதா என்று அவன் கேட்பான், ஒழுகலை என்று இவர் சொல்வார். சாப்பிட்டியா என்று இவர் கேட்பார், ஆச்சு என்று அவன் சொல்வான். குளிர்காலத்தில் அதற்குள் அவனுக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிடும். காதை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஒரு தடவை அப்படி நின்றே சளி பிடித்து நெஞ்சு கட்டிக்கொண்டு படுத்துவிட்டான்.

"கடையில நாள் பூரா அடுத்தவங்க சட்டையோட பேசிக்கிட்டிருப்பேன். வீட்டுக்கு வந்தா அதுவும் கிடையாது," என்றார் என்னிடம். "ஞாயித்துக்கிழமை அந்த நாலு வார்த்தைக்குத்தான் வாரம் முழுக்க வாயை வச்சிக்கிட்டு இருக்கேன்."

அந்த வீட்டில் சமையலறை விளக்கு மட்டும்தான் எரியும். அங்கேயே நின்றபடி சாப்பிட்டு, அங்கேயே தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். அம்மா அறையில் கட்டிலும் போர்வையும் போட்டது போட்டபடி கிடந்தன. தம்பி ஒரே ஒரு தடவை அந்த அறைக்குள் வந்து, அந்தக் கட்டிலில் உட்கார வேண்டும். அக்காவுக்கு வேறு ஆசையே இல்லை. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்திருப்பானோ என்னவோ. ஆனால் அந்த வார்த்தை வருகிற வாய் அவருக்கு அமையவில்லை. எதுவானாலும் அவர் கைதான் பேசும்.

"அவன் சபதம் போட்டது வாசப்படிக்குத்தானே? வெளிக்கதவுக்கும் வாசப்படிக்கும் நடுவில முற்றம் இருக்கே. முற்றம் வாசப்படி ஆகாதில்ல?" என்று என்னை நீதிபதி ஆக்கிக் கேட்டார்.

"ஆகாதுக்கா," என்று தீர்ப்புச் சொன்னேன். என் எரிச்சல் அதோடு போய்விட்டது.

முதலில் வாயகன்ற இரும்புக் கிண்ணத்தைக் காட்டினேன். பார்க்க அழகு, ஆனால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் புகை மூஞ்சிக்குத்தான் வரும். "வேண்டாம். என் மேல புகை நாத்தம் ஏறினா ஊரார் கோட்டுக்கெல்லாம் ஏறிடும்," என்றார். அடுத்தது மண்ணில் செய்த தொப்பைக் கணப்பு. அதன் உள்ளே கைவிட்டுத் தடவி, "நனைஞ்சு உறைஞ்சா வெடிச்சிடுமே?" என்றார். வெடிக்கும்தான், நான் சொல்லாமல் விட்டிருந்தேன். கடைசியில் வார்ப்பிரும்பில் ஒரு சின்னப் பெட்டி. முன்னால் கதவு, அடியில் சாம்பல் தட்டு, காற்றுக்கு ஒரு திருகு, புகையை மேலே கொண்டுபோக ஒரு குழாய், அதன் தலையில் மழைக்குத் தொப்பி. பெரியது ஒன்றும் இருந்தது. ஆனால் இரண்டு பேருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. அக்கா சின்னதன் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, எதிரே இன்னொரு முக்காலியைப் போட்டு, இரண்டுக்கும் இடைவெளி பார்த்தார்.

"மெதுவாப் பேசினாக்கூடக் கேக்கும்," என்றார். அதையே எடுத்துக்கொண்டார்.

சுவரிலிருந்தும் துணிக்கொடியிலிருந்தும் தள்ளிக் கல் பாவி அதன்மேல் வைக்கச் சொன்னேன். முதல் சில தடவை சின்னத் தீயாக எரித்து இரும்பைப் பழக்க வேண்டும், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்க வேண்டும், காய்ந்த விறகு மட்டுமே போட வேண்டும் என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் சொன்னதை மட்டும் கோட்டை விட்டார்.

தெருவில் விழுந்த மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். சும்மா கிடைக்கிறதே என்று அதை வாரி வந்து அந்த ஞாயிறே பற்றவைத்தார். ஈர மரம் எரியுமா? புகை மண்டி, எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. அந்த மூட்டத்துக்குள்தான் தம்பி வந்து வெளிக்கதவுக்கு அப்பால் நின்றான்.

"என்னக்கா, வீடு பத்திக்கிச்சா?"

"கணப்புடா. உள்ள வந்து உக்காரு. வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுதானே சொன்னே? முற்றத்தை ஒண்ணும் சொல்லலையே."

தம்பி வெளிக்கதவின் மேல் கையை வைத்தபடி யோசித்தான். அம்மா போன நாளுக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவையாக அதைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். முக்காலியில் உட்கார்ந்து இருமினான். கண்ணில் நீர் கொட்டியது. அக்காவுக்கும் கொட்டியது. புகை மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் தாராளமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் கடைக்கு வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிக் காட்டினேன். காய்ந்தது டங்கென்று பேசும், ஈரம் தொப்பென்று ஊமையாக இருக்கும். அதற்குப் பிறகு அவர் தட்டிப் பார்க்காத கட்டை கணப்புக்குள் போனதில்லை. சாம்பல் முழுக்க ஆறின பிறகு அள்ளுவார், அடியில் மெல்லிசாக ஒரு படுக்கை விட்டுவைப்பார். குழாயில் பிரஷ் விட்டுக் கரியைத் தட்டுவார். துரு தலைகாட்டினால் கம்பிப் பிரஷால் தேய்த்துக் கறுப்பு மை பூசுவார். கறையோடு வாழ்க்கை நடத்துகிறவரிடம் துரு வாலாட்ட முடியுமா? நான் விற்ற கணப்புகளில் அந்த ஒன்றுதான் விற்றபோது இருந்ததைவிட நன்றாக இருந்தது.

தம்பி ஞாயிறு தவறாமல் வந்தான். இருட்டுகிற வரை உட்கார்ந்தான். பேச்சும் நாலு வார்த்தையைத் தாண்டியது. பாதி குளிர்காலம் போனபோது அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"என்னக்கா, கணப்பு சரியில்லையா?"

"ரொம்ப நல்லாயிருக்கு. அதான் வினை." கையிலிருந்த பையை மேஜையில் பொத்தென்று வைத்தார். "காலு சூடானதும் நல்லா நீட்டி உக்காந்துக்கிறான். சாஞ்சிக்க முதுகுப்பலகை வச்ச நாற்காலி வேற வாங்கிட்டு வந்துட்டான். மழைக்கு மேல தகரம் போடவான்னு கேக்கிறான். ஆத்தைக் கடந்து வான்னு படகு குடுத்தா, படகுலயே குடித்தனம் பண்றேங்கிறான்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அவன் போனதும் அந்த நாற்காலி காலியாக் கிடக்குது பாருங்க, அதைத் தாண்டி உள்ள போறதுதான் முன்னைவிடக் கஷ்டமா இருக்கு. முன்னால வீடு மட்டும்தான் காலியா இருந்துச்சு. இப்ப முற்றமும் சேர்ந்துக்கிச்சு."

காற்றுத் திருகை ஒரு தடவை கழற்றி எண்ணெய் போடுங்கள் என்றேன்.

குளிர்காலம் முடிகிற சமயம் மறுபடி வந்தார்.

"பெயின்ட் அடிச்ச மரத்தைக் கணப்புல போடலாமா?"

"கூடவே கூடாது. புகை விஷம். குழாய்க்குள்ள பிசுபிசுன்னு ஒட்டிக்கும்."

"பெயின்டைச் சுத்தமாச் சுரண்டிட்டா?"

"மரம் காஞ்சிருந்தா போடலாம். எந்த மரம்க்கா?"

சுரண்டுகிற தகடு, உப்புத்தாள், ஒரு ரம்பம் வாங்கினார். கடப்பாரையை இரவல் கேட்டார், கொடுத்தேன். பழைய அலமாரி ஏதோ உடைக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு நடந்ததைக் கடப்பாரையைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று அவரே சொன்னார்.

அந்த ஞாயிறு தம்பி வந்தபோது கணப்பு நின்று எரிந்துகொண்டிருந்தது. புகையே இல்லை. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டினான். லேசாகப் பனி விழ ஆரம்பித்தது.

"என்னக்கா கட்டை இது? இப்படிச் சூடு குடுக்குது!"

"ரொம்ப வருஷம் காஞ்ச மரம்."

"எங்க வாங்கினே?"

அக்கா குச்சியால் தணலைத் தள்ளிவிட்டார். இன்னொரு துண்டை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு நிமிராமலே சொன்னார்.

"வாசப்படிடா."

தம்பி திரும்பிப் பார்த்தான். வீட்டுக் கதவு திறந்திருந்தது. நிலைக்குக் கீழே குறுக்காக இருந்த கட்டையைக் காணவில்லை. அது பதிந்திருந்த பள்ளத்தில் மண்ணைப் போட்டுத் தட்டிச் சமமாக்கியிருந்தது. முற்றத்துத் தரையும் வீட்டுத் தரையும் ஒன்றாகக் கிடந்தன.

"உனக்கென்ன பைத்தியமா? யாராவது வாசப்படியப் பேத்து எரிப்பாங்களா?"

"நான் எரிப்பேன்."

"வீடு பூரா குளிர் ஏறிடுமே!"

"ஏறட்டும். ஏற்கெனவே அப்படித்தான் கிடக்குது."

தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவனுக்கு நடுவில் எங்கேயோ சிரிப்பு அறுந்துபோனது. எழுந்தான். கதவுவரை போய் நின்றான். பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான். மிதிக்க அங்கே எதுவும் இல்லை. நேரே நடந்து அம்மா அறைக்குள் போனான்.

அக்கா பின்னாலேயே போகத்தான் எழுந்தார். அதற்குள் உள்ளே கட்டில் கிறீச்சிடுவது கேட்டது. பிறகு தம்பி அழ ஆரம்பித்தான். சின்னப் பிள்ளையில்கூட அவன் அப்படி அழுது அக்கா கேட்டதில்லையாம். இத்தனை நாள் அந்த அழுகையை அவன் வீட்டுக்கு வீடு, லிஃப்டுக்கு லிஃப்ட் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறான். அதை இறக்கி வைக்கிற இடத்தைத் தான்தான் மூடி வைத்தோம் என்பது அக்காவுக்கு அப்போது உறைத்தது. போய்த் தோளைத் தொட வேண்டும் என்று இருந்தது. தொடுகிற உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. சொந்த வீட்டுக்குள் போகக் கால் வரவில்லை. கதவுக்கு வெளியே, கணப்புக்கும் வீட்டுக்கும் நடுவில், தலையில் பனி விழ நின்றுகொண்டே இருந்தார்.

உள்ளே விளக்குப் போடும் சத்தம் கேட்டது. தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தான்.

"அங்க ஏன்க்கா நிக்கிறே? பனி விழுது பாரு. உள்ள வா."

அக்கா கணப்பின் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.