வேலப்பனுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

சுபத்ரா அக்காவுக்கு ஒரு நோயும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கேட்கிறவர்கள் இப்போதே உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அவளுக்கு அறுபத்தாறு வயது. முழங்கால் கொஞ்சம் மக்கர் பண்ணும். மற்றபடி, மலைமேல் கியா பார்மில் நாங்கள் வேலை செய்யும் காய்கறிக் கொட்டகையில் என்னைவிட வேகமாக முட்டைக்கோஸுக்கு வெளி இலை கழிப்பது அவள்தான். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவள் என்பதையும் சேர்த்து அவளே தினமும் சொல்லிக் காட்டுவாள். இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். லயத்து வரிசை வீடுகளில் என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.

இப்படிப்பட்டவள் ஒருநாள் காலையில், கையில் கத்தியோடு, தான் செத்தால் எந்தச் சேலையைக் கட்டிவிட வேண்டும் என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்தாள். நீலத்தில் மாங்காய்க் கரை போட்டது, பீரோவில் மேல்தட்டில் இருக்கிறதாம். பச்சைச் சேலையை மட்டும் தொடக் கூடாதாம், அது சம்பந்தி வீட்டார் எடுத்துக் கொடுத்தது, தண்ணீர் பட்டால் சாயம் போகுமாம். காலங்காத்தாலே நல்ல வார்த்தையே வராதா என்று நான் எரிந்து விழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த முட்டைக்கோஸை எடுத்தாள்.

எல்லாம் ராமையாவின் சாவில் ஆரம்பித்தது. ராமையா அவளுடைய கொழுந்தன், புருஷனின் தம்பி. எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையிலேயே உழைத்து ஓய்ந்த மனிதர். மலைக்குக் கீழே ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் மாரடைப்பு வந்தது. பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்சுடலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலைமேல் கொண்டு வந்து, சுடுகாட்டுச் சரிவில் தூக்கிப் போக யாருக்குத் தெம்பு இருக்கிறது? நாங்கள் லயத்திலிருந்து ஒரு வேன் பிடித்துப் போனோம். வழியில் கோலா தெர்லாவில் காய்கறி லோரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டி உள்ளே போய்க் கதவும் மூடிவிட்டது. அடுத்த சாவு வீட்டுக்காரர்கள் தங்கள் பூமாலைகளோடு வெளியே காத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கொண்டு போன வாய்க்கரிசி அவள் முந்தானையிலேயே இருந்தது.  திரும்பும் வழியில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "பார்சல் மாதிரி போயிட்டாரு, திலகம். என்னை அப்படி அனுப்பிடாதீங்க," என்றாள்.

அன்றிலிருந்து கொட்டகையில் எங்களுக்குத் தினமும் இதே கதைதான். எங்கே செத்தாலும் அவளை வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும். வெந்நீரில்தான் குளிப்பாட்ட வேண்டும், இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது. மாலை போடுகிற படத்துக்கு அடையாள அட்டையில் இருக்கும் படத்தை எடுக்கக் கூடாது, அதில் அவள் கோழி திருடியவள் மாதிரி முழிக்கிறாளாம். ஸ்பீக்கரில் பாட்டுப் போடக் கூடாது, தப்பு அடிக்க ஆள் கூப்பிட வேண்டும். கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போனது. உங்கள் சாவுக்கு நான் இருக்க வேண்டுமா வேண்டாமா, அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் சமையல் பக்கம் போகக் கூடாது என்றாள். நான் வைக்கும் சாம்பார் அவளுக்குப் பிடிக்காது.

இதெல்லாம் பேச்சுக்குத்தான். அவளுக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தன்னை எரிக்கக் கூடாது, தோட்டத்துச் சுடுகாட்டில் வேலப்பனுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும்.

வேலப்பன் அவள் புருஷன். கொழுந்து லோரி ஓட்டியவர், சத்தமாகச் சிரிப்பார், பிள்ளையைத் தோளைவிட்டு இறக்க மாட்டார். நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில், லோரியை நிறுத்திவிட்டு இறங்கியவர் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். மகன் புவனேஸ்வரனுக்கு அப்போது எட்டு வயது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்கா கொழுந்து எடுத்தே பிள்ளையை ஆளாக்கினாள்.

எங்கள் தோட்டத்தில் சுடுகாடு என்று சொன்னாலும் அங்கே புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் ரோட்டு வளைவு வரைக்கும்தான் போவோம், அதற்கு மேல் ஆண்கள் மட்டும். கீழே டவுனில் பெண்களும் கூடவே போகிறார்கள், கொள்ளியும் வைக்கிறார்கள். இங்கே யாரும் தடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் யாரும் போனதும் இல்லை. தீபாவளிக்கு முன்னால் ஆண்கள் போய்ப் புல் வெட்டிச் சுத்தம் செய்வார்கள், நாங்கள் வீட்டில் படையலுக்குச் சமைப்போம். வேலப்பனின் குழியை வருஷா வருஷம் ராமையாதான் சுத்தம் செய்தார். புதைத்த மறுநாள் பால் ஊற்றிவிட்டு வந்தவரிடம் அக்கா, உங்கள் அண்ணன் எங்கே படுத்திருக்கிறார் என்று கேட்டாள். மரத்தடியில் என்று அவர் சொன்னார்.

ஒன்பதாம் மலையில் கொழுந்து எடுக்கும்போது குனிந்து பார்த்தால் சுடுகாடு தெரியும். அதில் ஒரு சவுக்கு மரம், அதனடியில் ஒரு மேடு, பிற்பாடு அதற்குச் சிமெண்டும் பூசியிருந்தது. அன்றிலிருந்து அக்கா அந்த மேட்டோடு பேச ஆரம்பித்தாள். தன் வரிசையான நிரையை முடித்து மூட்டை கட்டும் நேரத்தில் ஓரமாகப் போய் நிற்பாள். புவன் பரீட்சையில் தேறியதும், அவனுக்கு ஈப்போவில் ஏர்கான் ரிப்பேர் வேலை கிடைத்ததும், கல்யாணமும், பேத்தி பிறந்ததும் முதலில் அந்த மேட்டுக்குத்தான் தெரியும். அவர் திதிக்கு ஒன்பதாம் மலை ஓரத்திலேயே இலை போட்டுச் சூடம் கொளுத்துவாள். தோட்ட வேலையிலிருந்து நின்று கொட்டகைக்கு வந்த பிறகும் மாதம் ஒருமுறையாவது போய்விடுவாள். நானும் சில நாள் கூடப் போய், அவள் பேசி முடிக்கும் வரை தள்ளி நின்றிருக்கிறேன்.

புவனிடம் இந்த ஆசையைச் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல பிள்ளைதான், ஆனால் ஏர்கான் வேலைக்காரனுக்கு எதற்கும் ஒரு கணக்கு உண்டு. மழை பெய்தால் அந்தச் சரிவில் நிற்கவே முடியாது, லயத்தில் பாதி வீடு காலி, தூக்குவதற்கு ஆள் எங்கே, ஈப்போவிலேயே எரித்துவிடலாம் என்றான். கொழுந்து வெட்டுகிற பங்களாதேஷ் பையன்கள் தூக்கட்டுமே, அவர்களும் என் நிரையில் நின்று வேலை பழகியவர்கள்தானே என்றாள் அக்கா.  கடைசியில் அவன் தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கேட்டான். தோட்டத்து மேனேஜர் துரை சின்ன வயசுக்காரர், மரியாதையாகவே பேசினாராம். புருஷனுக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் சரி, கணக்கெழுதும் கிராணியிடம் இடத்தைக் காட்டிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

அக்காவுக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புவனும் கிராணியும் புறப்பட்டார்கள். அவர்களோடு சின்னையா அண்ணன் போனார். டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர், வேலப்பனுக்குக் குழி வெட்டிய நாலு பேரில் இன்னும் உயிரோடு இருப்பவர் அவர் ஒருத்தர்தான். நாங்கள் வளைவில் நின்றோம். அவர்கள் திரும்பி வந்ததும் குடிக்க அக்கா பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டு வந்திருந்தாள். வளைவிலிருந்தும் அந்தச் சவுக்கு மரம் தெரியும். மரத்துக்கு வலது பக்கம் காலியாகக் கிடக்கும் இடத்தை எனக்குக் கை நீட்டிக் காட்டினாள், வீட்டு மனை வாங்கியவள் மாதிரி.

மூன்று பேரும் மரத்தடிக்குப் போனார்கள். சின்னையா அண்ணன் நிற்கவில்லை. மரத்தைத் தாண்டி, சரிவில் இறங்கி, தலை மறைகிற வரை கீழே போனார். மற்ற இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். எங்கே போகிறார்கள் என்று அக்கா என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. சின்னையா அண்ணன் தேத்தண்ணீரை வாங்கிக்கொள்ளவில்லை.

"வேலப்பன் கீழ இருக்கான்மா, ஆத்தோரம். அங்க ஒரு மரம் இருக்கு, மேல இருந்து பாத்தா தெரியாது. ரெண்டு பக்கமும் ஆளு படுத்தாச்சு. தலைமாட்டுல மரத்து வேரு, கால்மாட்டுல ஆறு. எடம் இல்ல லா."

"அப்ப இது?" என்று அக்கா சவுக்கு மரத்தைக் காட்டினாள்.

"இது மாடசாமி கங்காணி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்க மாட்டேன், நன்றாகவே சிரித்தேன். மாடசாமி கங்காணி அக்காவின் ஜென்ம விரோதி. ஒருமுறை எதிர்த்துப் பேசினாள் என்பதற்காக, தான் சாகும் வரை அவளுக்குச் செங்குத்தான நிரையாகவே பார்த்துக் கொடுத்தவர். அவள் முழங்கால் போனதே அதனால்தான். அந்த முழங்கால் கதையையும் அவள் அந்த மேட்டிடம் எத்தனையோ முறை சொல்லி அழுதிருக்கிறாள். கங்காணியின் தலைமாட்டுக்கு நேராக நின்றே கங்காணியைத் திட்டியிருக்கிறாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அவள் அழவில்லை. ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்து பிளாஸ்கின் மூடியைத் திறந்தாள், மறுபடி மூடினாள். புவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்பாவைப் புதைத்த இடம் தனக்கு நினைவில்லை அம்மா, பிறகு எல்லாம் சித்தப்பாதான் போனார் என்றான். அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அந்த வாரம் முழுவதும் கொட்டகையில் பேச்சே இல்லை. சேலைக் கதை இல்லை, வெந்நீர்க் கதை இல்லை. என் சாம்பாரைக்கூட அவள் குறை சொல்லவில்லை. காது புளித்தது என்று சொன்னேனே, அந்த வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. வெள்ளிக்கிழமை, கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவருக்கு ஒன்னுமே தெரியாதா, திலகம்? புவன் படிச்சது, கல்யாணம், பேத்தி... ஒன்னுமே யாரும் சொல்லலையா?"

 அதுவரை இடம் போனதைப் பற்றித்தான் வருந்துகிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

நாளைக்கு நான் உள்ளே போகிறேன் என்றாள். பெண்கள் போவதில்லையே என்று நான் வாய்க்குள் முணுமுணுத்தேன், பழக்கதோஷம்.

"செத்தா உள்ளதானே கொண்டு போவாங்க. அப்ப மட்டும் பொம்பளைனு வளைவுல நிறுத்தி வைப்பாங்களா?" என்றாள்.

போனோம். வளைவைத் தாண்டினோம், ஒன்றும் ஆகவில்லை. வெயில் நன்றாக அடித்தது, தூரத்தில் மோட்டாரால் கொழுந்து வெட்டுகிற சத்தம் கேட்டது. சவுக்கு மரத்தடியில் அக்கா ஒரு நிமிஷம் நின்றாள். சிமெண்ட் மேட்டில் வெடிப்பு விட்டு ஒரு களை முளைத்திருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டாள். இவ்வளவு நாளும் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், முழங்கால் விஷயமும் கேட்டிருப்பீர்கள், அதோடு சரி என்று கங்காணியிடம் சொன்னாள். அதற்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை.

சரிவில் நான் அவள் கையைப் பிடித்து இறக்கினேன். ஆற்றோரத்தில் பெரிய மரம். ராமையா போன பிறகு யாரும் வெட்டாததால் கீழே பன்னா இலைப் புதர் இடுப்பளவு வளர்ந்திருந்தது. இருவரும் சேர்ந்து பிடுங்கினோம். மண்மேடு தெரிந்தது. சின்னையா அண்ணன் அடையாளம் சொல்லியிருந்தார்: ஒரு பக்கம் யாரோ ஒரு கிழவர், மறுபக்கம் ஒரு பெண், நடுவில் வேலப்பன். ஒரு குழந்தையைக்கூட அங்கே நுழைக்க முடியாது. சின்னையா அண்ணன் சொன்னது சரிதான்.

அக்கா கால்மாட்டில் உட்கார்ந்தாள். முழங்காலை நீட்டிக்கொண்டாள். அவர் லோரியிலிருந்து இறங்கிய அன்று வீட்டில் என்ன குழம்பு வைத்திருந்தாள் என்பதிலிருந்து தொடங்கினாள். நான் எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டேன். தண்ணீர் சத்தத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் காதில் விழுந்தது. புவனுக்கு அம்மை போட்டது, அவனுக்குப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போடச் சப்பாத்து வாங்கியது, அவன் கல்யாணத்தில் தகப்பன் நாற்காலியில் ராமையா உட்கார்ந்தது. நடுவில் ஒருமுறை அவள் சிரித்தது கேட்டது. மூடுபனி இறங்குகிற வரை பேசினாள். பேத்தி பிறந்த இடத்துக்கு வரும்போது அவள் அழுவது கேட்டது. நானும் அங்கே கல்லில் உட்கார்ந்து அழுதேன், யாருக்குத் தெரியப் போகிறது?

மறுவாரம் புவன் வந்தான். குற்ற உணர்ச்சியோடுதான் வந்தான் என்று நினைக்கிறேன். துரையிடம் மறுபடி பேசியிருந்தான். அதே சுடுகாட்டில், மேல்பக்கம், நல்ல சமதளமாக ஓர் இடம் தருகிறார்களாம். தூக்கவும் ஆள் ஏற்பாடு செய்துவிடலாம் என்றான். சுவருக்கு இந்தப் பக்கம் எதற்கு நிற்பது என்று நானும் போய் அவர்கள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டேன். அக்கா தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த எடம் வேணாம்பா. நீ சொன்ன மாதிரியே ஈப்போவுல எரிச்சிடு."

புவன் என்னைப் பார்த்தான். நான் அக்காவைப் பார்த்தேன்.

"எரிச்சிட்டா எடம் ரொம்ப வேணாம்," என்றாள் அவள். "சாம்பல கொண்டாந்து அப்பா மேல போட்டு, கொஞ்சம் மண்ணு தள்ளி மூடிடு. போதும்."

அவன் தயங்கினான். அம்மா மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று தேடினான். "சாம்பல கடல்ல கரைக்கணும்மா. அப்பதான் மோட்சம்னு சொல்றாங்க."

அக்கா குவளையை அவன் கையில் கொடுத்தாள்.

"அங்க எனக்கு யாருப்பா இருக்கா?" என்றாள்.