ஹார்ட் டிஸ்க்குக்குப் பெயர் வெட்டியவர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். குமணன்சாவடியில் லாரி ஏறி கிளீனராகப் போனேன். பெங்களூரில் ஒரு கேண்டீன், ஹைதராபாத்தில் டி.வி. மெக்கானிக்கிடம் எடுபிடி, திரும்பி வந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை. எங்கேயும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. தொண்ணூறுகளின் பின்பாதியில் அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பாபு வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். பகலில் வேலை, இரவு அங்கேயே பெஞ்சுக்கு அடியில் படுக்கை.

டி.வி. கழற்றிய கைக்கு கம்ப்யூட்டர் கழற்றுவது கஷ்டமாக இல்லை. திரையில் வரும் இங்கிலீஷ்தான் கஷ்டம். எழுத்து தெரியும், கூட்டிப் படிக்க நேரம் ஆகும். பாபு அதற்கு வழி சொல்லிக் கொடுத்திருந்தான்.

"அதெல்லாம் படிச்சிக்கினு கெடக்காதே மாமே. பழைய டிஸ்க்கு வந்துச்சா, எஃப்டிஸ்க் ஃப்ளாப்பிய போடு. மூணு, ஒண்ணு, ஒண்ணு, என்டர், ஒய். உள்ள கீறது கிளீனா பூடும். அப்பால புதுசா ஃபார்மட் பண்ணு. அவ்ளோதான்."

செகண்ட் ஹேண்ட் டிஸ்க்குகளில் யாரோ பாகம் பிரித்துப் போட்டுவைத்த பார்ட்டிஷன் இருக்கும். அதை எஃப்டிஸ்க் என்ற புரோகிராமால் அழித்துவிட்டுத்தான் நாங்கள் வேலையைத் தொடங்குவோம். அந்த ஐந்து தட்டல்களை வைத்தே ஒரு வருஷம் ஓட்டினேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பாபு வெளியே போயிருந்தான். அண்ணனூரிலிருந்து ரயிலேறி அப்பாவும் மகளுமாக இரண்டு பேர் வந்தார்கள். அப்பா ஆரோக்கியசாமி, திருநெல்வேலிக்காரர். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் ஸ்டெல்லா ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியை. மடியில் வைத்திருந்த துணிப்பையில் ஒரு பழைய லேப்டாப்.

"டிக் டிக்குனு சத்தம் வந்துச்சுண்ணா. இப்ப ஆன் ஆகவே மாட்டேங்குது. என் எம்.ஃபில் தீசிஸ் உள்ள இருக்கு. திங்கக்கிழமை குடுக்கணும். குடுக்கலைன்னா இந்த வருஷமும் வேலை பெர்மனென்ட் ஆகாது."

"ஃப்ளாப்பில காப்பி கீதாம்மா?"

"மூணு சாப்டர் இருக்கு. மிச்சம் போட்ட ஃப்ளாப்பி பூஞ்சை புடிச்சிடுச்சு."

லேப்டாப்பின் திருகாணிகளைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தேன். மோட்டார் இறுகிப்போயிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து, பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் மணிக்கட்டை வெடுக்கென்று இரண்டு முறை திருப்பினேன். இறுக்கம் விட்டது. இப்படி ஓட வைக்கிற டிஸ்க் ஒருமுறை நின்றால் மறுபடி ஓடும் என்று சொல்ல முடியாது. சூடு ஏறுவதற்குள் உள்ளே இருப்பதை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும்.

லேப்டாப்புக்கான மாற்று டிஸ்க் ஒன்று கடையில் இருந்தது, அதுவும் செகண்ட் ஹேண்ட். கடை கம்ப்யூட்டரைத் திறந்து, சின்ன டிஸ்க்கைப் பெரிய கேபிளில் பொருத்தும் கன்வெர்ட்டர் வைத்து இரண்டையும் மாட்டினேன். பழையது முதலில், மாற்று இரண்டாவது. கரன்ட் கொடுத்ததும் பழையது சுழல ஆரம்பித்தது. மாற்று டிஸ்க்கில் யாரோ விட்டுவைத்த பார்ட்டிஷனை அழிக்க எஃப்டிஸ்க் ஃப்ளாப்பியைப் போட்டேன். எப்போதும் நான்கு வரி வரும் திரையில் அன்று ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. பார்த்தேன். படிக்கவில்லை. மூணு, ஒண்ணு, ஒண்ணு, என்டர்.

ஒய் கேட்கவில்லை. வேறேதோ இங்கிலீஷ் வந்தது. மறுபடி என்டர். மறுபடி அதே வரி.

பெயர் கேட்கிறது என்பது மட்டும் புரிந்தது. சில டிஸ்க்குகளுக்குப் பெயர் வைத்திருப்பார்கள். அதை அப்படியே அடித்தால்தான் அழிக்க விடும். மேலே பெயர் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். ஏ, ஆர், ஓ, கே.

"அண்ணா, எங்க அப்பா பேர எதுக்கு அடிக்கிறீங்க?"

"புது டிஸ்க்கு கேக்குதும்மா."

"புது டிஸ்க்குக்கு எங்கப்பா பேர் எப்டிண்ணா தெரியும்?"

கை நின்றது. அவள் எழுந்து வந்து திரையைப் படித்தாள். "டேட்டா எல்லாம் போயிடும்னு போட்டிருக்கு. அழிக்கவா போறீங்க? இது பழைய டிஸ்க் இல்லையா?"

எஸ்கேப் தட்டினேன். இன்னொரு முறை தட்டினேன். முதல் திரை வந்தது. ஐந்தாவது வரியை இப்போது அவளே படித்துச் சொன்னாள். எந்த டிஸ்க்கில் வேலை என்று மாற்றிக்கொள்வதற்கான வரி அது. மாற்றாதவரை, எல்லாம் முதல் டிஸ்க்கில்தான் நடக்கும். இன்னும் ஆறு எழுத்தும் ஒரு ஒய்யும் அடித்திருந்தால் அவளுடைய தீசிஸை நானே அழித்திருப்பேன்.

கீபோர்டைத் தள்ளி வைத்தேன். ஆரோக்கியசாமி மட்டும் அசையவில்லை.

"வாங்கும்போதே கடைக்காரன்கிட்ட சொன்னேம்லா தம்பி. எவர்சில்வர் டம்ளருக்கே பேர் வெட்டுதோம், இம்புட்டு பெரிய சாமானுக்கு வெட்ட வேண்டாமான்னு. மேல வெட்டுனா கீறல் விழும், உள்ள அடிச்சுத் தாரேன்னான். இவ அப்பம் சிரிச்சா."

"இப்ப சிரிக்கலப்பா" என்றாள் ஸ்டெல்லா.

ஐந்தைத் தட்டி இரண்டாவது டிஸ்க்குக்கு மாறினேன். அவள் ஒவ்வொரு வரியையும் படித்துத் தமிழில் சொன்ன பிறகுதான் விரலை வைத்தேன். ஃபார்மட் முடிந்ததும் பெயர் கேட்டது. அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஸ்டெல்லான்னு போடு தம்பி. இப்பம் பொட்டி அவளுக்குத்தான் ஒழைக்கி."

முதலில் தீசிஸை மட்டும் காப்பி செய்தேன். ஐந்தாவது சாப்டரில் நின்றது. மறுபடி முயலவா என்று கேட்டபோதெல்லாம் ஆர், ஆர் என்று தட்டிக்கொண்டே இருந்தேன். ஏழோ எட்டோ தடவைக்குப் பிறகு போனது. மற்றதெல்லாம் ஏறி முடிகிறபோது பழைய டிஸ்க் உறுமியது, பிறகு நின்றது. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஓடவில்லை. அதற்கு மேல் அது தேவைப்படவும் இல்லை.

மாற்று டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டி ஆன் செய்ததும் சத்தமில்லாமல் விண்டோஸ் வந்தது. ஸ்டெல்லா தீசிஸைத் திறந்து கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் நான் தந்த டீயைக் குடித்தாள். அது ஆறிப்போயிருந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தட்டலை மனப்பாடம் செய்து வேலை பார்க்காதீர்கள். எப்போதும் வரும் திரையில் ஒரு வரி கூடுதலாக வந்தால் கையை எடுத்துவிட்டு அதைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், அது கஸ்டமராக இருந்தாலும் சரி. அன்றிலிருந்து நான் எந்தக் கஸ்டமரின் டிஸ்க்குக்கும் பெயர் வைக்காமல் கொடுத்ததில்லை.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. பாபுவிடம் இருந்த பழைய டிக்‌ஷனரியை எடுத்துக்கொண்டு எஃப்டிஸ்க் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்பில் விட்ட படிப்பை அந்த ஐந்தாவது வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.