பவளத்துக்கு மட்டும் புது ரத்தம்

போன ஞாயிறு வானவடியில் நண்பர் மூர்த்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பெண்ணுக்கு நான் புத்தி சொல்ல வேண்டுமாம். சரிதான்... என் வீட்டில் யார் கேட்கிறார்கள்?

மூர்த்தி ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ரிட்டயரானவர். மகள் நிவேதா அபூர்வப் பவளங்களின் ஜீன்களை ஆராய்கிறாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சொசைட்டி வாட்ச்மேனுக்கே ஹிந்தியில் பாடம் எடுத்துவிட்டார்.

எனக்கும் எடுத்தார்.

"கடலுக்குள்ள நூறு கொத்து தெரியும் சார். ஆனா ஒரே பவளம்தான் ஒடைஞ்சு ஒடைஞ்சு நூறாயிருக்கும். எல்லாத்துக்கும் ஒரே ஜீன். ஒரு சீக்கு வந்துச்சுன்னா... பஸ், கதம்... மொத்தமும் காலி. வம்சத்துக்குப் புது ரத்தம் வேணும் சார்."

அடடா என்று காபியை உறிஞ்சினேன். மனுஷன் அதே மூச்சில் விஷயத்துக்கு வந்தார்.

"இவளுக்கு என் தங்கச்சி பையன் ரெடியா இருக்கான். இவ என்னடான்னா சிஞ்ச்வட்ல ஒரு மராட்டிப் பையனைச் சொல்றா. வெளி ரத்தம் நமக்கெதுக்கு? நீங்களே சொல்லுங்க."

ஊருக்குத்தானே உபதேசம்... நம்மில் யார் யோக்கியம்?

நிவேதா ஒரு பேப்பரை நீட்டினாள். பவளத்துக்குப் போடுவது போலவே தன் குடும்பத்துக்கும் வம்சாவளிப் படம் போட்டிருந்தாள்.

"எல்லாருக்கும் கொள்ளுத் தாத்தா, பாட்டி எட்டு பேர் அங்கிள். எனக்கு நாலே பேர். எங்க தாத்தாவும் அவர் தங்கச்சியும் ஒரே வீட்ல பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தவங்க. அவங்க பசங்கதான் அப்பாவும் அம்மாவும். மறுபடி நானும் அதுக்குள்ளயேவா?" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"பவளத்துக்கு ஜாதகம் கிடையாது. நமக்கு உண்டு" என்றார் மூர்த்தி. மசிவதாக இல்லை.

அவர் மனைவி சரஸ்வதி, கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தார்.

"முப்பது வருஷத்துல எத்தனை சண்டை போட்டிருக்கோம்... கோவிச்சுக்கிட்டுப் போக எனக்கு ஒரு பொறந்த வீடு இருந்துச்சா? எங்கம்மாவே உங்க அத்தை. அங்க போனாலும் உங்க பக்கம்தான் பேசுவாங்க. இவளுக்காவது அழுதுக்கிட்டு வர்றதுக்கு நம்ம வீடு இருக்கட்டும்."

மூர்த்தி அந்தப் பேப்பரை எடுத்துப் பார்த்தார். பிறகு, தலையைத் தூக்காமலே மகளிடம் கேட்டார்.

"அந்தப் பையன் இட்லி சாப்பிடுவானா?"